கம்பத்தின் கீழே ஸ்ரீகுமாரி

கேரள எல்லைக் கிராமமான பனவிளையில் ஸ்ரீகுமாரியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் சர்க்கஸ்காரி, அவள் பெண் சைனாக்காரி. முதலாவது உண்மை. இரண்டாவது ஊரார் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டது. பெண்ணின் அப்பன் பகதூர் நேபாளத்துக்காரன். ஆனால் சின்னக் கண்ணும் சப்பை மூக்கும் உள்ளவர்களைக் குடிவைக்க நம்மவர்களிடம் ஒரே ஒரு தேசம்தான் கையிருப்பு. பிரசீதா என்று அசல் நெய்யாற்றின்கரைப் பெயர் வைத்தும் பயனில்லை. ரேஷன் கடை வரிசையில்கூட 'அந்தச் சைனாக்காரி' என்றுதான் அவளை முன்னேயும் பின்னேயும் தள்ளுவார்கள்.

ஸ்ரீகுமாரி சர்க்கஸுக்குப் போனது பதினொன்றாம் வயதில். ஆசைப்பட்டு ஒன்றும் போகவில்லை. அப்பா செத்த வருஷம், வீட்டில் அடுப்புப் புகைவதே அபூர்வமாக இருந்தபோது, ஏஜென்ட் ஒருவன் வந்து பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் ஒரு தொழிலும் கிடைக்கும் என்றான். அம்மா அழுதாள். அழுதுகொண்டே தலையாட்டினாள். அண்ணன் செல்லசாமிக்கு மீசை அரும்பியிருந்த நேரம். அவன்தான் தங்கையைப் பாறசாலை ஜங்ஷன்வரை நடத்திக் கூட்டிப்போய், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஏத்தங்காயப்பம் ஒன்று சூடாக வாங்கிக் கையில் கொடுத்து, ஏஜென்டோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

"ஓணத்துக்கு வந்துரலாம் மக்கா, அழாதே" என்றான்.

அந்த ஓணம் வருவதற்கு இருபது வருஷம் ஆனது. அதற்குள் அம்மா போய்விட்டாள். ஸ்ரீகுமாரி பார்க்காத ஊர் வடக்கே இல்லை என்று சொல்லலாம். ஆனால் எல்லா ஊரும் அவளுக்குக் கூடாரத்தின் உட்புறம்தான். கல்கத்தாவிலிருந்து வந்த சீனக் குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து பிரம்புகளின் நுனியில் பீங்கான் தட்டு சுழற்றினாள். ஜப்பான் குடை என்று அவர்கள் சொல்லும் வித்தையில் மல்லாந்து படுத்துக் கால்விரலில் குடையைப் பம்பரமாக்கினாள். கடைசியில், பகதூரின் தோளில் நிற்கும் மூங்கில் கம்பத்தின் உச்சியில், கையை விரித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். சர்க்கஸில் அதற்கு பெர்ச் என்று பெயர். கீழே தாங்குகிற ஆளை நம்பாதவள் அந்தக் கம்பத்தில் ஏற முடியாது. அவள் அவனை நம்பினாள், கல்யாணமும் செய்துகொண்டாள்.

ஒரு நாள் வடக்கே ஏதோ ஊரில், அவள் உச்சியில் நிற்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கூடாரம் முழுக்க இருட்டு. "அசையாதே, அப்படியே நில்" என்று பகதூர் கீழிருந்து சொன்னான். சொன்னது காதில் விழவும் செய்தது. ஆனால் பயத்துக்குக் காது கிடையாது. அவள் குதித்துவிட்டாள். அவன் ஓரடி விலகியிருந்தால் பிழைத்திருப்பான். விலகவில்லை. அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவனுக்குக் கழுத்து ஒடிந்தது.

அப்படித்தான் பத்து வயதுப் பெண்ணோடு அவள் ஊர் திரும்பினாள். செல்லசாமி வீட்டின் பின்புறச் சாய்ப்பில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தான். அவன் ரப்பர் வெட்டுக்காரன். அவனுக்கும் மனைவியும் பிள்ளைகளும் உண்டு. ஸ்ரீகுமாரி அமரவிளைப் பக்கம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லி உடைக்கப் போனாள். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போயிற்று. ஆனாலும் அந்த ஐந்து வருஷமும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். தரை அசையாத இடத்தில் தூங்குவது எப்படிப்பட்ட சுகம் என்று தரையிலேயே இருப்பவர்களுக்குத் தெரியாது.

பெண்ணைக் கம்பத்தின் பக்கம் விடுவதில்லை என்பதில் உறுதியாகத்தான் இருந்தாள். ஆனால் ரத்தம் சும்மா இருக்குமா? பிரசீதா ஆளில்லாத நேரம் பார்த்துக் கமுகில் ஏறி, உச்சியை ஆட்டி அடுத்த கமுகுக்குத் தாவினாள். கிணற்றுச் சுவரில் கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்தாள். பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பிலும் பொருந்தாமல் பாதியில் நின்ற பெண்ணுக்கு உடம்பு மட்டும் சொன்னபடி கேட்டது. அடிக்கவும் திட்டவும் செய்து அலுத்துப்போய், இவள் எங்காவது விழுந்து சாவதற்கு முன் முறையாவது தெரியட்டும் என்று ஸ்ரீகுமாரி ஒரு மூங்கிலைக் கையில் எடுத்தாள். அம்பூரி மலையிலிருந்து வந்த நல்ல மூங்கில். அடியில் தோல் கிண்ணம், அதைத் தன் தோளில் பொருத்திக்கொண்டாள். மேலே நிற்பதற்கு ஒரு சாண் பலகை. மற்றதெல்லாம் சொல்லிக்கொடுப்பதற்கு முன், குதிக்கக் கூடாது என்ற ஒன்றைத்தான் சொன்னாள்.

"வெளிச்சம் போனா சாடாதே. என்ன ஆனாலும் சாடாதே. நான் கேப்பேன், நிக்கியான்னு. நீ பதில் சொல்லணும். கேட்டியா?"

"கேட்டேன் அம்மா."

"என்ன பதில்?"

"நிக்கேன்."

தொண்ணூற்றாறாம் வருஷம் அண்டியாபீஸைப் பூட்டிவிட்டார்கள். பூட்டின கேட்டுக்கு முன்னால் கொடி பிடித்துக் கொஞ்ச நாள் உட்கார்ந்தார்கள். பிறகு கொடியையும் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். சாய்ப்பில் கஞ்சி தண்ணீராயிற்று. அண்ணன் மனைவி மைனி நல்லவள்தான், ஆனால் தன் பிள்ளைகளின் தட்டைப் பார்த்துவிட்டுத்தானே அடுத்த தட்டைப் பார்க்க முடியும். அந்த நேரத்தில்தான் ஜெயதாஸ் வந்து சேர்ந்தான். சர்க்கஸ் ஏஜென்ட். முன்பு வந்தவன் செத்துப்போய் இவன் வந்திருக்கிறான். பேச்சு மட்டும் சாகவில்லை. பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு, ஒரு தொழில்.

"ஓணம் கழியட்டு, சொல்லுகேன்" என்றாள் ஸ்ரீகுமாரி.

அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஹாஸ்டல். அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் சிவபிரசாத் சார், நெய்யாற்றின்கரைக்காரர். அங்கே சேர்ந்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு. நாளைக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம். பதினாறு முடிவதற்குள் சேர வேண்டும், பிரசீதாவுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. பள்ளி விளையாட்டில் பெயரில்லாத பிள்ளையை எப்படி எடுப்பது என்று சார் முதலில் கையை விரித்தார். ஊர் இளைஞர் கிளப்பின் செக்ரட்டரி மனு போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டதில் கொஞ்சம் இளகினார். "ஓணத்துக்கு உங்க கிளப்பில நிகழ்ச்சி உண்டுமில்லியா, வந்து பாக்கேன். குட்டி நீங்க சொன்ன மாதிரி இருந்தா, மறுநாள் சேர்க்கை முடியும்முன்னே நான் தனியா எழுதி வாங்குகேன்" என்றார்.

ஹாஸ்டல் இல்லாவிட்டால் கூடாரம். ஸ்ரீகுமாரியின் உலகம் அந்த ஓணத்தில் இந்த இரண்டாகச் சுருங்கி நின்றது.

மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவனுக்கு மூளை அதிகம், அதை அடக்கி வைக்கத் தெரியாது. ஸ்ரீகுமாரிக்குத் தெரிந்த வித்தைகளையும் ஊர்ப் பையன்கள் பெண்களுக்குத் தெரிந்ததையும் ஒன்றாகக் கலக்கி, 'ஆசியக் கலா இளைஞர் சர்க்கஸ்' என்று பாறசாலையிலிருந்து செங்கல் கிராமம் வரை போஸ்டர் ஒட்டிவிட்டான். சீனத் தட்டு சுழற்ற ஆறு பெண்கள். பீங்கான் கட்டுபடியாகாது, ஆகையால் எவர்சில்வர். ஜப்பான் குடைக்கு ரேஷன் கடைக்காரரின் கறுப்புக் குடை, சிவப்புப் பெயின்ட் பூசியது. சிங்கம் புலி இல்லாமல் என்ன சர்க்கஸ் என்று கேட்டவர்களுக்கு, ஓணத்துக்குக் கடுவா என்று புலிவேஷம் கட்டுகிற பையன்களையே வாழைச்சருகும் மஞ்சள் சாயமுமாக நெருப்பு வளையத்தில் தாவவிட்டான். ஒரு கடுவாவுக்கு ஒத்திகையிலேயே வால் எரிந்தது. சிலம்பக்காரர்கள் உண்டு, கிளப்பின் சிங்காரி மேளம் உண்டு. எல்லாவற்றுக்கும் முடிவில் சீனக் கம்பம்: அம்மா கீழே, மகள் மேலே.

மனுவின் பெரிய மூளை வேலை செய்தது நேரம் குறிப்பதில். அந்த வருஷம் எங்கள் லைனில் லோட் ஷெட்டிங் ஏழிலிருந்து ஏழரை. தினமும் அந்த அரை மணி நேரம் டிவி இல்லை, பேன் இல்லை, கொசு மட்டும் உண்டு. ஜனம் வீட்டுக்கு வெளியே நின்று கவர்மென்டைத் திட்டும். "அந்த நேரம் பாத்து வெச்சா ஒருத்தன் வீட்டில இருக்க மாட்டான்" என்றான் மனு. சரி, விளக்குக்கு என்ன செய்வாய்? அதற்கும் வழி வைத்திருந்தான். கிளப் மைதானத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தக் கரை தமிழ்நாடு. அங்கே இந்த அரை மணிக் கணக்கு கிடையாது. அந்தக் கரையிலிருக்கும் செல்லபாயின் வீட்டிலிருந்து, வாழைத்தோப்புக்கு மேலாக, இரண்டு சர்க்காருக்கும் தெரியாமல் ஒயர் இழுத்தான். சுற்றுவட்டாரம் முழுக்க இருண்டு கிடக்கும்போது பனவிளை மைதானம் மட்டும் பட்டப்பகலாக நிற்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஊரில் இதைக் குறை சொன்னவர் யாருமில்லை.

செல்லசாமிக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. ஓணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கையிடம் வந்து நின்றான்.

"குமாரி, கம்பம் வேண்டாம் பிள்ளே. தட்டு காட்டட்டு, குடை காட்டட்டு. மோளு மேல ஏறாண்டாம்."

"தட்டு பாத்து ஹாஸ்டல்ல எடுப்பாரா அண்ணா?"

"விழுந்தா?"

"விழாட்டா ஹாஸ்டல். ஏறாட்டா ஜெயதாஸ். கூடாரத்தில கம்பம் இல்லியா? அங்க கீழ எவனோ ஒருத்தன் நிப்பான். இங்க நான் நிக்கேன்."

 பதினொரு வயதுப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் அவன். பகதூர் செத்த விதமும் அவனுக்குத் தெரியும்.  மனுவிடம் போய், "எனக்கு இது காண வய்யாது. நான் செல்லபாய் வீட்டில ஃப்யூஸுக்குக் காவல் இருக்கேன்" என்றான். யாராவது ஒயரைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று மனுவும் சந்தோஷமாகச் சம்மதித்தான்.

திருவோணத்தன்று மைதானத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அக்கரைத் தமிழ்நாட்டுக்காரர்களும் வாய்க்காலைத் தாண்டி வந்திருந்தார்கள். முதல் வரிசையில் சிவபிரசாத் சாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஏழு மணிக்கு ஊர் முழுவதும் அணைந்தது. மைதானம் மட்டும் எரிந்தது. ஜனம் கை தட்டியது. சீனத் தட்டுகள் சுழன்றன, இரண்டு விழுந்து சத்தம் போட்டன. ஜப்பான் குடைக்குச் சீட்டி பறந்தது. கடுவாக்கள் நெருப்பைத் தாண்டின. சார் ஒருமுறை சிரித்தார். அப்புறம் வாட்சைப் பார்த்தார்.

ஸ்ரீகுமாரி அவர் வாட்சைப் பார்த்ததைப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் கவனித்துக்கொண்டிருந்தது அவர் ஒருவரைத்தான்.

மனு ஓடிவந்தான். "அக்கா, சாருக்கு ஏழரை பஸ்ஸு. அத விட்டா அவருக்குப் போக வழியில்ல. மேளம் கழிஞ்சு கம்பம்னா அவரு காண மாட்டாரு. கம்பத்த இப்பவே எடுக்கணும்."

"அப்பம் மேளம்?"

"பயலுவ கச்சை கெட்டி நிக்கியானுவ, நிறுத்தினா அடி நடக்கும். மேளத்தோட சேத்தே செய்வோம். காணவும் ஜோரா இருக்கும்."

மேளம் அடித்தால் மகளின் குரல் கேட்காது. கீழே நிற்பவளுக்குக் கண்ணுக்கு அடுத்தது காது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். சார் மறுபடியும் வாட்சைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு கம்பத்தை எடுத்தாள்.

தோல் கிண்ணத்தைத் தோளில் வைத்தாள். பழைய திரைச்சீலையில் தைத்த மஞ்சள் சாட்டின் உடுப்போடு பிரசீதா அவள் தொடையில் கால் வைத்து, தோளில் ஏறி, கமுகில் ஏறுவதுபோலக் கம்பத்தில் ஏறினாள். சிங்காரி மேளம் தொடங்கியது. கீழே நிற்பவள் மேலே இருப்பவளின் இடுப்பை மட்டும்தான் பார்க்க வேண்டும். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கால் போக வேண்டும். பிரசீதா பலகையை அடைந்து, எழுந்து, கம்பத்தைவிட்டுக் கையை எடுத்தாள். ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் விரித்தாள். கூட்டம் 'ஓ' என்றது. சார் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்ததை ஸ்ரீகுமாரி பார்க்கவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் உட்கார்ந்தார் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

வாய்க்காலுக்கு அந்தக் கரையில் செல்லசாமி ஃப்யூஸ் பெட்டியின் கீழே உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து வாழைத்தோப்பு மறைத்தது. மைதானம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒத்திகையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதலில் மேளம், நீளமான மேளம். அது முழுசாக நின்ற பிறகுதான் கம்பம். மேளம் தொடங்கியதும் அவன் எழுந்தான். இப்போது பிடுங்கினால் பிள்ளை தரையில் இருப்பாள். எப்படியும் திருட்டு ஒயர்தானே, கரண்ட் போனால் யாருக்கும் சந்தேகம் வராது. சார் பஸ்ஸைப் பிடித்துப் போவார், பிள்ளை உயிரோடு இருப்பாள். நாளைக் கஞ்சியை நாளை பார்க்கலாம். ஃப்யூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, கலைந்து போகச் சொல்லலாம் என்று மைதானத்தைப் பார்க்க நடந்தான்.

மைதானம் இருண்டது. மேளம் தட்டுக்கெட்டு நின்றது. இக்கரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை; நிலாவை மழைமேகம் மூடியிருந்தது, அக்கரை விளக்குகளை வாழைத்தோப்பு மறைத்தது.

"நிக்கியா மக்கா?" என்றாள் ஸ்ரீகுமாரி.

பதில் வரவில்லை.  சாடிவிட்டாளோ? சாடியிருந்தால் இந்நேரம் தன்மேல் விழுந்திருப்பாள். விலகமாட்டேன், பகதூர் விலகவில்லை, நானும் விலகமாட்டேன் என்று கால்களை அகற்றி மண்ணில் ஊன்றினாள். அப்புறம்தான் தெரிந்தது, தோளில் பாரம் அப்படியே இருக்கிறது.

"நிக்கியா?"

"நிக்கேன் அம்மா." கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே, எங்கோ மரக்கிளை உயரத்திலிருந்து அழுகையோடு வந்தது.

மகளின் கால் நடுங்குவது மூங்கில் வழியாகத் தோள் எலும்புவரை இறங்கியது. கண்ணால் பார்த்து நடந்த காலை இப்போது அந்த நடுக்கத்தைக் கேட்டு நடத்தினாள். யாரோ ஒரு டார்ச்சை நேரே அவள் முகத்தில் அடித்தான். கண் குருடாயிற்று. கம்பம் ஒருபக்கம் சாய்ந்தது; அவள் அந்தப் பக்கம் நாலடி ஓடினாள். "டார்ச்ச அணைலே, பாவி" என்று கத்தினாள். அது அணைந்தது. அணைவதற்கு முன் ஒரு நொடி மேலே திரும்பியது. அந்த ஒரு நொடியில், வாழைத்தோப்பின் ஓரத்தில் வந்து நின்ற செல்லசாமி, வானத்தில் ஒரு மஞ்சள் உடுப்பைப் பார்த்தான்.

ஃப்யூஸைத் திரும்பச் செருக அவன் வந்த வழியே ஓடினான். வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினான்.

"மக்கா, குனி. கையால கம்பத்தப் பிடி. பிடிச்சியா? இனி காலைப் பின்னு. சரிஞ்சு வா. சாடாதே, சரிஞ்சு வா."

அவள் குனிந்தபோது கம்பம் திமிறியது. ஸ்ரீகுமாரியின் குதிகால் ஏதோ தென்னம்பாளைக் கொதும்பில் ஏறிப் பிசகியது. தோளில் எதுவோ மளுக்கென்று விட்டுப் போயிற்று. வலி என்று தெரிவதற்கு முன்பே கை செத்துவிட்டது. மற்றக் கையாலும் கழுத்தாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்ததில் நாக்கு கிழிந்து ரத்தம் வந்தது. மூங்கில் தோளை அரைத்துக்கொண்டே நிற்க, மேலேயிருந்து பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஈரமான இரண்டு பாதங்கள் அவள் கழுத்தைத் தொட்டன, பிறகு தொடையை, பிறகு மண்ணை. இருவருமாகக் கம்பத்தைக் கிடத்தினார்கள். கிடத்தின இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஸ்ரீகுமாரி மகளின் முகத்தைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், கழுத்து ஒடியவில்லை என்று ஆனபிறகுதான் மூச்சு விட்டாள்.

எத்தனையோ கூடாரங்களில், எத்தனையோ ஊர்களில் பெர்ச் ஆடியிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்தது இருட்டில்.

செல்லசாமி ஃப்யூஸைச் செருகி வெளிச்சம் வந்தபோது ஜனம் கண்டது மண்ணில் கிடக்கிற ஒரு மூங்கிலும், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களும். கரண்ட் போனதும் பயந்து இறங்கிவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பின்னாலிருந்து கூவல் கேட்டது. "சைனாக்காரி, கம்பத்தில ஏறு" என்று ஒருவன் கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள். ஸ்ரீகுமாரி முதல் வரிசையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

"சார் எங்க?" என்றாள்.

மனு தலையைக் குனிந்தான். "பஸ் வந்துட்டு அக்கா. பிள்ளை பயந்து எறங்கியாச்சுன்னு யாரோ சொன்னானுவ. பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் எழுந்தாள். மறுபடி ஏற்றலாம், பஸ்ஸை மறித்து அவரைக் கூட்டி வாருங்கள் என்றாள். கம்பத்தை எடுக்கக் குனிந்தாள். கை வரவில்லை. இன்னொரு முறை குனிந்தாள். அந்தக் கை அவள் உடம்பில் வெறுமே தொங்கியது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அதையும் ஜனம் தோற்றுப்போன அழுகை என்றுதான் எடுத்துக்கொண்டது.

செல்லசாமி நனைந்து, முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றான். வலதுகை விரல்கள் கரண்டில் வெந்திருந்தன. அவன் நேராகத் தங்கையிடம் சொன்னான்.

"நானாக்கும் ஃப்யூஸ் ஊரினது. மேளம் கேட்டு, மோளு ஏறல்லன்னு நெனச்சேன்."

ஸ்ரீகுமாரி அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று மனு பயந்தான். அவள் அடிக்கவில்லை. அடிக்கவும் ஒரு கைதானே இருந்தது, அது மகளைப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் செல்லசாமி நெய்யாற்றின்கரைக்குப் போய் சாரின் வீட்டு வாசலில் நின்றான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தான்தான் பிடுங்கியது, டார்ச் வெளிச்சத்தில் தான்தான் பார்த்தது, பிள்ளை சாடவில்லை, சாமி சத்தியம். சார் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். "நீங்க சொல்லுகது சத்தியமாத்தான் இருக்கும். ஆனா நான் கண்டது இருட்டாக்கும். நான் காணாத ஒண்ண எழுதிக் குடுக்க முடியுமா? அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் பிரசீதாவுக்குப் பதினாறு முடிந்துவிடும். சாருக்கு அது நினைவில்லை. செல்லசாமி நினைவூட்டிப் பார்த்தான். காப்பி ஆறிப்போனது.

தோள் பூட்டைச் சரிசெய்ய வந்த வைத்தியர், எலும்பு சேரும், ஆனால் பாரம் தூக்க ஆகாது என்றார். அண்டியாபீஸ் திறந்தாலும் கொட்டை தல்ல ஆகாது. அன்றைக்கே பிரசீதா தன் இரண்டு பாவாடைகளையும் மடித்து வைத்துவிட்டாள்.

"நீ போகாண்டாம்" என்றாள் ஸ்ரீகுமாரி.

"பின்னே நீ என்னத்தத் தின்னுவா?"

"மாமன் உண்டு."

"மாமன் பிள்ளைகளும் உண்டு." பெண் குரலை உயர்த்தவே இல்லை. "நான் சாடமாட்டேன் அம்மா. அது எனக்குத் தெரியும்."

ஜெயதாஸ் வந்தபோது ஸ்ரீகுமாரி தன்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாள். சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், கூடாரத்தில் ஒரு மூலை போதும் என்றாள். ஒரு கை இல்லாத பெண்ணைக் கம்பெனிக்கு எதற்கு என்று அவன் சிரித்தான். அவள் கேட்டது பின்னே ஒன்றுதான்.

"கீழ யாரு நிப்பா?"

"ஒரு ஒரிசாக்காரன் உண்டு. நல்ல ஆளாக்கும்."

"விலகுவானா?"

ஜெயதாஸுக்குக் கேள்வி புரியவில்லை.

பாறசாலை ஜங்ஷனில் ஓணம் முடிந்து திரும்புகிற கூட்டம். செல்லசாமி கட்டுப்போட்ட விரல்களோடு ஒரு ஏத்தங்காயப்பம் வாங்கிக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த வார்த்தையை இந்த இடத்தில் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறான்.  முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஓணத்துக்கு வாறேன் மாமா" என்றாள் பிரசீதா.

பஸ் வந்தது, ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு. ஜெயதாஸ் முண்டியடித்து ஏறி அவளை உள்ளே இழுத்துக்கொண்டான். கூட்டத்தில் அவள் மறைந்துவிட்டாள். ஸ்ரீகுமாரி பஸ்ஸின் பக்கவாட்டில், ஒவ்வொரு ஜன்னலாக, தூளியில் கிடக்கும் கையை மறுகையால் பிடித்துக்கொண்டு ஓடினாள். எல்லா ஜன்னலிலும் வேறு யாரோ இருந்தார்கள். கண்டக்டர் மணி அடித்தான்.

"நிக்கியா மக்கா?" என்று கத்தினாள்.

"நிக்கேன் அம்மா" என்று உள்ளேயிருந்து எங்கோ கேட்டது. அமரவிளைப் பக்கமாக வண்டி நகர்ந்தது.